சித்தப்பா சாப்பிடாத கோழிக் குழம்பு

என் வலது முழங்கால் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டது. இடது முழங்கால் பேசுகிறது. ஆனால் பேசுவதெல்லாம் வசவு.

காரணம் சிங்கப்பூரின் வடக்கு மூலையில் இருக்கிற கிராஞ்சி. அங்கே போர் நினைவிடத்துச் சுவர்களில் ஒரு பெயரைத் தேடி வெயிலில் நின்றேன். நீங்கள் போயிருக்கிறீர்களா? எம்ஆர்டி ரயில் ஸ்டேஷனிலிருந்து 'பக்கம்தான், நடந்துடலாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர்கள் காரில் போனவர்கள்.

நான் தேடிய பெயர் கந்தசாமி. ஜப்பான்காரன் சண்டையில் செத்துப்போன சாதாரணச் சிப்பாய். எனக்கு உறவில்லை. பாக்கியம் அக்காவின் சித்தப்பா.

பாக்கியம் அக்கா நான் வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியின் நெடுநாள் வாசகி. எழுபதைத் தாண்டியவர், கேலாங்கில் வீடு. நான் எழுதியதில் தப்பு இருந்தால் போன் செய்து திட்டுவார். தப்பு இல்லாத வாரம் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார். அங்கே நான் எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போது ஒருநாள் கூப்பிட்டார்.

"தம்பி, என்னென்னமோ கண்டுபிடிச்சு எழுதுறீங்க. எங்க சித்தப்பாவுக்கு எங்க வீட்டு மேல என்ன கோவம்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க லா."

"அதை அவருகிட்டயே கேட்டுடலாமேக்கா?"

"அவரு செத்து எம்பது வருஷமாச்சு."

எனக்கு வருகிற வேலையெல்லாம் இப்படித்தான் வருகிறது.

கதை இதுதான். அக்காவின் அப்பா, அப்போது புதுசாகக் கல்யாணமானவர், ஜாலான் புசார் பக்கம் ஒரு கடைவீட்டின் பின்னறையில் குடியிருந்தார். ஊரில் இருந்த தம்பி கந்தசாமி வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்தார். பட்டாளம் அவரைக் கப்பலேற்றி, அண்ணன் இருந்த பக்கமே — மலாயாவுக்கே — அனுப்பிவைத்தது. சண்டை சிங்கப்பூர் வாசலுக்கு வந்துவிட்ட நேரம். ஒருநாள் காலையில் கந்தசாமி அந்தப் பின்னறைக் கதவைத் தட்டினார்.

அண்ணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடையில் சாமான் கிடைக்காத நாட்கள். முட்டை போட்டுக்கொண்டிருந்த ஒரே கோழியைப் பிடித்து அடித்துக் குழம்பு வைத்தார். கந்தசாமியோ பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தரையில் படுத்தவர்தான். அண்ணி கூப்பிட்டுப் பார்த்தார். அண்ணன் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். கந்தசாமி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சாயங்காலம் தானாக எழுந்தார், ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார், போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வாய் சாப்பிடவில்லை.

அப்புறம் அவர் வரவே இல்லை.

"எங்கப்பா கண்ண மூடுற வரைக்கும் இதையேதான் பேசுனாரு தம்பி. கல்யாணத்துக்குச் சொல்லி அனுப்பலன்னு கோவமா, அம்மாவ ஊருல தனியா விட்டுட்டு வந்தேன்னு கோவமா... எங்கம்மாவுக்கு அந்தக் கோழி போன துக்கம் வேற."

தீபாவளிக்கு முதல் நாள் அக்கா வீட்டில் முன்னோர்களுக்குப் படையல். அதில் கந்தசாமிக்கும் ஓர் இலை உண்டு. கோழிக் குழம்பு கட்டாயம். எல்லாம் பரிமாறி, அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிடுவார்கள் — போனவர்கள் வந்து கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டுமே! கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டித் திறப்பது வழக்கம். ஒவ்வொரு வருஷமும் தட்டும்போது அக்காவின் அப்பா கேட்பாராம்: "கந்தா, இன்னைக்காவது சாப்பிட்டியாடா?"

அப்பா போன பிறகு அக்கா கேட்கிறார். 'கந்தா'வுக்குப் பதில் 'சித்தப்பா'. அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி என்று கிளம்பினேன்.

சுவர் என்றால் ஒரு சுவர் இல்லை. சுவர் சுவராக, தலைக்கு மேல் வரை பெயர்கள். அகரவரிசையில் கந்தசாமிகள் எல்லோரும் ஒரே இடத்தில் எனக்காகக் காத்திருப்பார்கள் என்று நினைத்துப் போனேன். அவர்கள் பட்டாளம் பட்டாளமாகப் பிரிந்து நிற்கிறார்கள். எந்தப் பட்டாளம் என்று தெரியாமல் போனவனுக்குக் கழுத்து வலிதான் மிச்சம். முதல் நாள் நான் உருப்படியாகக் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று... நிழல் எங்கே விழுகிறது என்பதை. அங்கேயே சாய்ந்து தூங்கியும் போனேன். புல் வெட்டிக்கொண்டிருந்த பங்ளாதேஷ் தம்பி ஒருவர் வந்து "அங்கிள், ஓகே?" என்று எழுப்பினார். நானும் சுவரில் சேர்ந்துவிட்டேனோ என்று பயந்திருப்பார்.

மறுநாள் நண்பர் சேவியரிடம் போய் நின்றேன். ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார்.

"வெறும் பேர வச்சுக்கிட்டு எப்படிப்பா தேடுவே? தேக்கா மார்க்கெட்டுல போயி, இங்க கறிவேப்பிலை வாங்குன அம்மா யாருன்னு கேக்குற மாதிரி இருக்கு. வேற ஏதாச்சும் ஞாபகம் இருக்கா, கேளு."

அக்காவுக்கு போன் போட்டேன். "அப்பா சொல்வாரு தம்பி... பாலம் கட்டுற பட்டாளம்னு."

சேவியர் காப்பியைக் கீழே வைத்துவிட்டார். "கட்டுற பட்டாளந்தான். ஆனா அந்த ரெண்டு மாசம் எங்க கட்டுனாங்க? உடைச்சாங்க."

ஜப்பான்காரன் வடக்கிலிருந்து விரட்ட, நம் பக்கத்துப் படைகள் பின்வாங்கிக்கொண்டே வந்தன. எல்லோரும் ஆற்றைத் தாண்டின பிறகு பாலத்துக்கு வெடி வைப்பது இவர்கள் வேலை. ஆகவே எல்லோருக்கும் கடைசியில்தான் கிளம்ப முடியும். ஆனால் அடுத்த ஆற்றுக்கு எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர வேண்டும். ராத்திரியில் வேலை. பகலில் தலைக்கு மேல் விமானம். இப்படியே ஆறு ஆறாக, ஜொகூர் வரை.

மறுபடியும் கிராஞ்சி. இந்தத் தடவை சேவியரும் வந்தார். அந்தப் பட்டாளத்தின் சுவரில் ஒரு கந்தசாமி இருந்தார்.

"இவருதானா?"

"இருக்கலாம்" என்றார். சரித்திரத்தில் அதிகபட்ச மார்க்கே அதுதானாம்.

திரும்பும் வழியில் ஜாலான் புசாரில் அந்தக் கடைவீட்டையும் தேடினோம். அக்கா சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால், அந்த இடத்தில் இப்போது ஒரு சின்ன ஹோட்டல். கந்தசாமி தூங்கின இடத்தில் படுக்க இப்போது முன்பதிவு செய்ய வேண்டும்.

தீபாவளிக்கு முந்தின வாரம் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என் ஆராய்ச்சியை அரங்கேற்றினேன். மேப்பெல்லாம் கொண்டுபோயிருந்தேன். ஆறு, பாலம், வெடி... சாம்பார் கரண்டியால் காட்டிக் காட்டிப் பேசினேன். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரி தம்பி. கோவம் என்ன?"

கரண்டியைக் கீழே வைத்தேன். "தெரியலக்கா. சுவத்துல பேரு மட்டுந்தான் இருக்கு."

அக்கா தலையை ஆட்டினார். அப்படியானால் இந்த வருஷமும் பழைய கேள்விதான்.

அக்காவின் மகன் குணா பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஐம்பது வயது, ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். என்னைவிடப் பத்து வயதுதான் இளையவன். 'அங்கிள்' என்பான். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"மா, அவரு கோவமா இருந்தாருன்னு யாரு சொன்னா?" என்றான்.

"பேசல, சாப்பிடல. வேற என்னவாம்?"

"டயர்ட் லா மா. அவ்வளவுதான்."

அக்கா அவனைப் பார்த்தார்.

"என்எஸ் பட்டாளத்துல நான் காட்டுல ஃபீல்டு கேம்ப் முடிச்சு வந்தப்ப என்ன பண்ணேன்? பூட்ஸோட ஹால்ல படுத்தேன். எலும்பு சூப்பு வச்சு எழுப்புனீங்க. எழுந்திருக்கல. காச்சல்னு நெனச்சு சிவன் கோயில் விபூதிய எடுத்துட்டு வந்து பூசுனீங்க. அது சும்மா சில நாள் கேம்ப் மா. யாரும் நம்மள நெசமா சுடப் போறதில்ல. அவரு ரெண்டு மாசம்."

"ஒரு வார்த்தையாச்சும் பேசியிருக்கலாம்லடா..."

"பேச வாய் எங்க வரும்? மா, யோசிச்சுப் பாருங்க. எங்க வேணாலும் விழுந்து தூங்கியிருக்கலாம். அண்ணன் வீட்டைத் தேடி வந்து தூங்கியிருக்காரு. கோவக்காரன் வருவானா?"

அக்கா எழுந்து சமையலறைக்குப் போனார். குழாய் ரொம்ப நேரம் ஓடியது. கழுவுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. பாத்திரமெல்லாம் எங்கள் முன்னால்தான் இருந்தது.

எனக்கு இது ஏன் தோன்றவில்லை? நானும் என்எஸ் என்கிற கட்டாயப் பட்டாளச் சேவைக்குப் போனவன்தானே! ஸ்டோர்மேனாக இருந்து, கம்பளிக் குவியல் மேல் நாட்டைக் காத்தவன். கிராஞ்சியிலேயே, செத்தவர்கள் நடுவில், அரை மணி வெயிலுக்கே தூங்கி விழுந்தவன். ஆனால் சிப்பாய் என்றதும் என் மண்டைக்குள் ஒரு சினிமா ஓட ஆரம்பித்துவிடுகிறது. சினிமாச் சிப்பாய்கள் கத்துகிறார்கள், ஓடுகிறார்கள், கொடியைப் பிடித்துக்கொண்டு வசனம் பேசிச் சாகிறார்கள். அதில் ஒருத்தராவது கொட்டாவி விட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

படையலுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். இலைகள் போட்டார்கள். கந்தசாமி இலையில் கோழிக் குழம்பு, ஆவி பறக்க. கும்பிட்டுவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினோம். வாசனை மட்டும் கதவிடுக்கு வழியாக வந்து என்னை விசாரித்துக்கொண்டிருந்தது.

வழக்கமான நேரம் போனது. குணா எழுந்து கதவைத் தட்டக் கையை ஓங்கினான்.

"தட்டாத" என்றார் அக்கா.

"மா, எல்லாரும் பசியோட..."

"தூங்கட்டும்டா. எங்கப்பா உலுக்குனது போதும்."

ஹாலில் உட்கார்ந்திருந்தோம். யாரும் டிவி போடவில்லை. கீழே பிள்ளைகள் மத்தாப்பு கொளுத்திக் கூச்சல் போட, அக்கா எழுந்துபோய் ஜன்னலை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தார்.

குழம்பு ஆறிப்போய்த்தான் எங்களுக்கு வந்தது. மைக்ரோவேவில் வைக்கலாமா என்று நான் கேட்கவில்லை... அது முடிந்ததும் 'பீப்' என்று கத்தும்.