அஞ்சு இஞ்ச் ரிம்

சாலவாக்கத்தில் ஷாரோனைத் தெரியாதவர்கள் குறைவு. ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் பெண்களைத் தன் வெள்ளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்வந்தவள் அவள். பதிமூன்று வயதில் தாய் செங்கேணியோடு நடவுக்குப் போனாள். குனிந்த முதுகோடு சேற்றில் நிற்கும்போதெல்லாம் அவள் கண் டிராக்டர் மேலேயே இருக்கும். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட, தாய் வீட்டுக்குத் திரும்பி வந்து முதலில் செய்த காரியம் டிரைவிங் லைசென்ஸ் எடுத்ததுதான். தம்பி தானியேலுக்கும் அவளே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தாள்.

தானியேல் உத்திரமேரூரில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்தான். ஆட்டோகிராஸ் என்ற சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் அவன்தான். திறந்த வெளியில் ஆரஞ்சு நிறக் கோன்களை நட்டு வளைந்து வளைந்து ஒரு பாதை போடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரே வண்டிதான் ஓடும். யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறார்களோ அவர்களுக்குப் பரிசு. சென்னையிலிருந்து ஒரு கிளப் வந்து நடத்தியது. ரேஸ் வண்டி இல்லாதவர்களுக்கும் ஒரு பிரிவு இருந்தது. அதில் கார் கம்பெனி கொடுத்த சக்கரத்தோடுதான், அதாவது அதே இரும்பு ரிம்மோடுதான் ஓட வேண்டும். டயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

முதல் போட்டி வறண்ட புறம்போக்கு மண்ணில் நடந்தது. அக்காவும் தம்பியும் ஒரே காரில், ஆளுக்கொரு பிரிவில் ஓடினார்கள். டயர், கார் கம்பெனியே போட்டுக் கொடுத்த 165 மில்லிமீட்டர் அகலம். ஒல்லியான அந்த டயர் மேல்புழுதியை வெட்டிக்கொண்டு கீழே கெட்டித் தரையைப் பிடித்தது. பெண்கள் பிரிவில் ஷாரோன் மூன்றாவதாக வந்தாள். மெடலைச் செங்கேணி சிலுவைப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். தானியேலுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அவன் பழியை டயர் மேல் போட்டான்.

அடுத்த போட்டியைக் கிளப்காரர்கள் சாலவாக்கத்துக்குப் பக்கத்திலேயே, ஒரு மனைப் பிரிவில் வைத்தார்கள். முன்பு அது நெல் வயல். செங்கேணி அங்கே எத்தனையோ போகம் நாற்று நட்டிருக்கிறாள். இப்போது தார் ரோடும் ஓரத்தில் சிமெண்ட் கால்வாயும் இருந்தன. வீடு ஒன்றுகூட எழும்பவில்லை. தார் என்றதும் தானியேல் அகல டயர் வேண்டும் என்றான். அதில் ஷாரோனுக்கும் சம்மதம். எவ்வளவு அகலம் என்பதில்தான் தகராறு. அவள் 185 என்றாள். அவன் 195 என்றான்.

“அஞ்சு இஞ்ச் ரிம்முடா நம்முது. அதுக்கு நூத்தி எம்பத்தஞ்சே கடைசி. அதுக்கு மேல போட்டா வளைவுல டயரு பொரளும்.”

“போட்டுக்கினு எத்தினி பேரு ஓட்றான் தெரியுமாக்கா?”

“ஓட்டட்டும். நாளைக்கு இதே டயர்ல நான் பொண்ணுங்கள ஏத்திக்கினு போணும்.”

அதோடு பேச்சு முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள். 185 வாங்கி மாட்டவும் செய்தாள். போட்டியன்று காலை தேவாலயத்திலிருந்து வந்து பார்த்தால் வாசலில் நின்ற காரில் 195 டயர்கள் இருந்தன. தானியேலின் கூட்டாளி தினேஷ்குமார் தன் டயர்களைக் கொடுத்திருக்கிறான். ரிம்மின் சின்ன இடுக்கில் அகல டயரைப் பிடித்து இறுக்கியதில் அதன் பக்கங்கள் இரண்டும் உப்பித் தொங்கின. ஷாரோன் திட்டினாள். கழற்றி மாட்ட நேரமில்லை என்றான் தானியேல். நேரம் இருந்தது. ஆனால் பார்க்க வண்டி ரேஸ் வண்டி போலவே இருந்தது. ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால் என்ன என்று அவளுக்கும் ஒரு ஆசை எட்டிப் பார்த்தது. டயர் புரளாமல் இருக்கக் காற்றை மட்டும் கூடுதலாக வைக்கச் சொன்னாள்.

பெண்கள் முதலில் ஓடினார்கள். முதல் வளைவிலேயே அவளுக்குப் பிடிக்கவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பிக் கொஞ்சம் கழித்துத்தான் வண்டி திரும்பியது. மெத்தை மேல் நிற்பது போல இருந்தது. அடக்கி ஓட்டி முடித்தாள். இறங்கியதும் தம்பியிடம் வண்டி மிதக்கிறது, வேகத்தைக் குறைத்து ஓட்டு, காற்றில் கை வைக்காதே என்று சொன்னாள்.

தானியேல் குனிந்து டயரைப் பார்த்தான். நடுப்பகுதி மட்டும் தேய்ந்து கறுத்திருந்தது. ஓரங்களில் தார் படவே இல்லை. முழு அகலமும் தரையில் படாவிட்டால் அகல டயர் போட்டு என்ன பயன் என்று அவன் கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஷாரோன் தண்ணீர் குடிக்கப் போனபோது முன் டயர்களின் காற்றை இறக்கிவிட்டான்.

நன்றாகத்தான் ஓட்டினான். பார்த்தவர்கள் எல்லோரும் அதைச் சொன்னார்கள். கடைசிக்கு முந்தின வளைவில் வெளிப்பக்க முன் டயர் அப்படியே மடங்கி ரிம்மை விட்டுக் கழன்றது. வெறும் ரிம் தாரைக் கொத்தியது. வண்டி எகிறிப் புரண்டு, கூரை கீழாகச் சிமெண்ட் கால்வாயின் விளிம்பில் போய் விழுந்தது.

ஆம்புலன்ஸ் அங்கேயே நின்றிருந்ததால் தாமதம் இல்லை. தானியேலைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஷாரோன் உடனே ஏறவில்லை. கவிழ்ந்து கிடந்த வண்டியின் கழலாத முன் டயரில் காற்றளக்கும் கேஜை வைத்துப் பார்த்தாள். அவள் வைக்கச் சொன்ன காற்றில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் இருந்தது. கேஜைக் கால்வாயில் போட்டுவிட்டு தினேஷ்குமாரின் பைக்கில் ஏறினாள்.

உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது, திரும்பாது என்று டாக்டர் சொன்னார். கிளப்பிலிருந்து இரண்டு பேர் பழத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அவர்கள் இந்தப் பக்கம் வரவில்லை.

எப்படி நடந்தது என்று செங்கேணி கேட்டபோது ரோடு ஓரம் சரியில்லை என்று மட்டும் சொன்னாள் ஷாரோன். காற்றைப் பற்றி அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. படுத்துக் கிடப்பவன் தலையில் அதையும் ஏற்ற வேண்டாம் என்று நினைத்தாள். பழி அவள் மேல் வந்தது. பொம்பளைக்கு எதற்கு ரேஸ், தம்பியையும் கெடுத்துவிட்டாள் என்று ஊர் பேசியது. செங்கேணி பேசுவதையே நிறுத்திவிட்டாள். சோற்றைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவாள். மெடலையும் எடுத்துவிட்டாள். எங்கே வைத்தாள் என்று ஷாரோன் கேட்கவில்லை.

கார் பழைய இரும்புக்குப் போனது. ஷாரோன் வேறொருவரின் வேனுக்குக் கூலி டிரைவரானாள். விடியும் முன் எழுந்து தம்பியைப் புரட்டி, துடைத்து, மூத்திரப் பையை மாற்றிவிட்டுத்தான் கிளம்புவாள். காற்றை இறக்கியது அவளுக்குத் தெரியும் என்பது தானியேலுக்கும் தெரியும். அவள் துடைக்கும்போது அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று.

ஒருநாள் மத்தியானம் அம்மா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது அவனாகவே சொல்லிவிட்டான். ஷாரோன் வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். உள்ளே பேசுவது கேட்டது.

“அக்கா மேல தப்பு இல்லம்மா. அந்த டயரே வாணாம்னுச்சு. நான்தான் மாட்னேன். காத்தையும் நான்தான் எறக்குனேன்.”

ஷாரோன் பிழிவதை நிறுத்தினாள். பிறகு செங்கேணியின் குரல் வந்தது. அதில் கோபம்கூட இல்லை.

“வண்டி அவுள்துதானே. சாவிய ஏன் குட்த்தா?”

அந்தக் கேள்வியை அவளும் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். துணியைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். கஞ்சி தானியேலின் கழுத்தில் வழிந்திருந்தது. செங்கேணி கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து அவளுக்கு இடம் விட்டாள். ஷாரோன் உட்கார்ந்து தம்பியின் கழுத்தைத் துடைத்தாள். இந்தத் தடவை அவன் முகத்தைத் திருப்பவில்லை. அழுதான். அவள் அழவில்லை. ஷிப்டு வேனுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, மிச்சக் கஞ்சியை வேகமாக ஊட்டி முடித்துவிட்டுக் கிளம்பினாள்.