ரிங்லெட்டில் இறங்கியவர்

தோட்டத்து வாட்ஸாப் குரூப்புக்கு அட்மின் என்றால் ஏதோ மந்திரி பதவி என்றுதான் தர்மேந்திரனுக்கு நினைப்பு. தேயிலை பாக்டரியிலிருந்து ஓய்வு பெற்றபோது மேனேஜர் போட்ட மாலை மறுநாளே வாடிவிட்டது. மகள் வாங்கிக் கொடுத்த கைப்பேசிதான் அவருக்கு மரியாதை தேடித் தந்தது. தோட்டத்து லயத்து வீடுகளில் குடியிருந்தவர்கள் அத்தனை பேரையும் ஒரே குரூப்பில் அடைத்தார். கல்யாணமோ கருமாதியோ, இனி யாரும் வீடு வீடாக அலைய வேண்டாம், குரூப்பில் போட்டால் போதும் என்று சட்டம் வேறு போட்டார். எழவு விழுந்தால் கும்பிடுகிற கை எமோஜி ஒன்று தட்டிவிடுவார். அத்தோடு அவர் கடமை முடிந்தது.

பழனியப்பனை மட்டும் குரூப்பைவிட்டுத் தூக்கிவிட்டார். லெம்பா பெர்த்தாமில் முட்டைக்கோஸ் லோரி ஓட்டும் பழனியப்பன், இவரோடு ஒன்றாய்ப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட சேக்காளி. மாரியம்மன் திருவிழாப் படத்துக்குக் கீழே கோழி உர விளம்பரம் போட்டார் என்பது குற்றம். அதிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

அன்றைக்கு மலைக்குக் கீழே தாப்பாவில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பிய தர்மேந்திரன், பக்கத்து வீட்டுக் கத்தரீனுக்குப் போன் போட்டார். ரிங்லெட்டில் இறங்கிவிட்டேன், தோட்டத்துக்கு ஏற்றிப்போக யாரையாவது அனுப்பு என்றார். கத்தரீனுக்குத் தமிழில் தட்டத் தெரியாது. மாதா கோயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் அவள் வாயால் சொல்ல, கைப்பேசி எழுதிக்கொண்டது. "இறங்கிட்டாங்க" என்று அவள் சொன்னதை அந்தச் சனியன் "இறந்துட்டாங்க" என்று எழுதித் தொலைத்தது. "தர்மேந்திரன் அண்ணன் ரிங்லெட்டில் இறந்துட்டாங்க, யாராச்சும் போய் ஏத்திட்டு வாங்க." படித்துப் பார்க்காமல் அதைக் குரூப்பில் போட்டுவிட்டு அவள் பூசைக்குப் போய்விட்டாள்.

மழைக்கு ஒதுங்கி நின்ற தர்மேந்திரனின் சட்டைப்பை அதிர ஆரம்பித்தது. எடுத்துப் பார்த்தால் வரிசையாகக் கும்பிடுகிற கைகள். செத்தது யார் என்று முதலில் அவருக்கே விளங்கவில்லை. விளங்கியதும் கத்தரீனை வாய்க்குள்ளேயே திட்டினார். ஆனாலும் பாழாய்ப்போன மனசு, யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னது. சொக்கத் தங்கம் என்று எழுதியிருந்தான் மகேன். போன வாரம்தான் இவரைக் கடைந்தெடுத்த கஞ்சன் என்று ஊரெல்லாம் பேசியவன். நடுவில் யாரோ ரோஜாப் பூவோடு காலை வணக்கம். செத்துப்போனது சுகமாகத்தான் இருந்தது. நான் சாகவில்லை என்று உடனே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. பிணத்தை ஏற்றிப்போக யார் வருகிறார்கள் என்று பார்த்துவிட ஆசை.

மழை விட்டது. கைகள் வந்துகொண்டே இருந்தன, ஆள்தான் வரவில்லை. ஏத்திட்டு வாங்க என்பதற்கு ஒருவரும் பதில் போடவில்லை. வேறு யாராவது போயிருப்பார்கள் என்று எல்லோருக்கும் நினைப்பு. அவர் போட்ட சட்டமாயிற்றே, அட்சரம் பிசகாமல் நடந்தது. தூக்க நாலு பேர் வேண்டுமே, அந்த நாலு பேர் யார் என்று விரல் மடக்கப் பார்த்தார். ஒரு விரல்கூட மடங்கவில்லை. அழுகையாய் வந்தது.

முட்டைக்கோஸ் லோரி ஒன்று வந்து நின்றது. தானா ராத்தாவில் சேக் தாவூத் கடையில் யாரோ அந்தச் செய்தியைப் படித்துச் சொல்ல, தின்றுகொண்டிருந்த ரொட்டியைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருந்தார் பழனியப்பன். கண் சிவந்திருந்தது. உயிரோடு நின்றவரை மேலும் கீழும் பார்த்தார்.

"சாவலையா நீ?"

"இல்லடா."

"கோஸையெல்லாம் கடை வாசல்ல எறக்கிப் போட்டுட்டு, பின்னால உனக்குக் கம்பளி விரிச்சு வச்சிருக்கேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "முன்னாடி ஏறித் தொல."

லோரி மேடு ஏறியது. பிறகு தர்மேந்திரன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கைப்பேசியை எடுத்தார். முதல் வேலையாக உன்னை மறுபடியும் குரூப்பில் சேர்த்துவிடுகிறேன் என்றார்.

"வேணாம் லா," என்றார் பழனியப்பன், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதுல இருந்திருந்தா நானும் ஒரு கையப் போட்டுட்டு, ரொட்டியத் தின்னு முடிச்சிருப்பேன்."