மூன்று கை மணல்

விருதுநகரில் நான் இப்போது வேலை பார்க்கும் அச்சகத்தின் மாடிப்படியில் ஒரு சிவப்பு வாளி இருக்கிறது. தீப்பிடித்தால் அள்ளிப் போடுவதற்கென்று வைத்த மணல் வாளி. மணல் இறுகிக் கிடக்கும். மேலே காலி டீக் கப்புகள். தினமும் அதைக் கடந்துதான் என் இருக்கைக்குப் போகிறேன். கடக்கும்போதெல்லாம், சிவகாசியில் நான் குடியிருந்த வீட்டுக்கார அக்காவின் வாளி நினைவுக்கு வந்து தொலைக்கிறது.

அப்போது எனக்குக் கல்யாணமாகவில்லை. லேபிள் டிசைன் வேலை, கை நிறையச் சம்பளம், அக்கா வீட்டு மாடியில் ஒற்றை அறை. கீழே அக்காவும், பன்னிரண்டாம் வகுப்புப் படித்த மகளும். அக்கா அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போய்வருவார். அந்த அறையில் நான் செய்த காரியத்தை இன்றுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. கைப்பேசியில் வீடியோ பார்த்துப் பார்த்து ஆசை முற்றி, ஒரு தொட்டியில் கஞ்சாச் செடி வளர்த்தேன். வலி, நோய் என்று காரணம் சொன்னால் கௌரவமாக இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. வெறும் கொழுப்பு.

இதில் பெரிய இயற்கை விவசாயி என்கிற நினைப்பு வேறு. ரசாயன உரம் ஒரு சிட்டிகைகூடச் சேரக் கூடாது. கரிசல் மண், ஆட்டுப்புழுக்கை, வேப்பம்புண்ணாக்கு எல்லாம் மூட்டை மூட்டையாக மாடியேறின. அடுப்புக்கரியை இடித்துக் கலந்தால் மண்ணுக்கு நல்லது என்று வீடியோவில் ஒருவன் சொன்னான். ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, கதவைத் தாழிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கரி இடித்தேன். எங்கள் பக்கத்தில், மூடிய அறைக்குள் ஒருவன் கரி இடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது உறைக்கவில்லை.

சாயங்காலம் அக்கா கதவைத் தட்டினார். திறந்தேன். அவர் என் கறுத்த கைகளையே பார்த்தார்.

"தம்பி, நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன். கம்பெனிய அடைச்சுப் போட்டுருந்தப்ப நாங்களும் வீட்டுல கருந்திரி உருட்டுனவுகதான். வேலை போயிருச்சோ, என்ன கஷ்டமோ, ஒங்களுக்குத்தான் தெரியும். கதவ மட்டும் தாழ் போடாதீக. தாயில்பட்டியில எந்தங்கச்சி வெந்து செத்தது அந்தத் தாழ்ப்பாளாலதான்."

கரிமருந்து தோய்த்துப் பட்டாசுக்கு வைக்கும் திரியை நான் திருட்டுத்தனமாகத் தயாரிப்பதாக நினைத்துவிட்டார். "சரிக்கா" என்றேன். அவர் படியிறங்கியதும் தாழ் போட்டேன்.

மறுநாள் என் வாசலில் ஒரு பழைய பெயிண்ட் வாளி, நிறைய மணல். தினமும் வேனுக்குப் போகுமுன் மாடியேறி வந்து அந்த மணலைக் கையால் கிளறிவிட்டுப் போவார். இறுகிய மணல் அவசரத்துக்கு அள்ள வராதாம். உள்ளே படுத்தபடி அந்தச் சரசரப்பைக் கேட்டு, தப்பித்தோம் என்று சிரித்திருக்கிறேன்.

பிறகு ஒருநாள் தொட்டியில் தண்ணீர் தேங்கியது. மணல் கலந்தால் வடிந்துவிடும். வாசலிலேயே வாளி இருந்தது. மூன்று கை அள்ளிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலையில் சரசரப்பு கேட்கவில்லை. கதவைத் திறந்தால், குறைந்திருந்த மணலைப் பார்த்தபடி அக்கா படியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து என் கைகளைப் பிடித்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"பொறி விழுந்துச்சா தம்பி? எங்கயும் சுட்டுருச்சா?"

அப்போதாவது கதவை அகலத் திறந்து செடியைக் காட்டியிருக்கலாம். "சின்னப் பொறிதான்க்கா, அணைச்சுட்டேன்" என்று சொன்னேன்.

அன்றே மகளைச் சாத்தூரில் இருந்த தன் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லை. "நான் என்னம்மா பண்ணேன்? எதுக்கு என்னைய வெரட்டுற?" என்று அந்தப் பெண் அழுதது மாடிவரை கேட்டது. அக்கா காரணம் சொல்லவில்லை. என்னைக் காலி செய்யவும் சொல்லவில்லை. என் அறைக்குக் கீழே தனியாக இருந்துகொண்டு, காலையில் வந்து மணலைக் கிளறினார்.

இவ்வளவுக்கும் பிறகு அது ஆண் செடி. பூத்த பிறகுதான் தெரிந்தது, புகைக்க உதவாது என்று. பிடுங்கி எறிந்துவிட்டு, விருதுநகரில் வேலை கிடைத்ததும் கிளம்பினேன். சாவியைக் கொடுக்கும்போது, "அக்கா, சத்தியமா நான் திரி உருட்டல" என்றேன்.

"சரி தம்பி. இனிமேயும் உருட்டாதீக. ஒங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு இருக்கன்குடி ஆத்தாளுக்கு நேந்துருந்தேன்" என்று என் நெற்றியில் திருநீறு பூசினார்.

கஞ்சா வளர்த்ததை அப்போதும் சொல்லவில்லை. வயிற்றுப்பாட்டுக்காக உயிரைப் பணயம் வைக்கிறவன் என்று அவர் என்னை நினைத்திருந்தார். அந்த மரியாதையை இழக்க எனக்கு மனம் வரவில்லை. இதைவிடக் கேவலம் வேறில்லை.

இன்று காலை டீக் கப்புகளை எடுத்துப் போட்டுவிட்டு, அச்சகத்து வாளி மணலைக் கிளறினேன். கல்லாக இருந்தது, ஸ்க்ரூ டிரைவரால் குத்த வேண்டியிருந்தது. "என்ன சார், எதையும் தொலைச்சுட்டீகளா?" என்று வாட்ச்மேன் கேட்டார். இல்லை என்றேன். கையால் உதிர்த்துப் பொலபொலவென்று ஆக்கி, மட்டமாக நிரவிவிட்டுப் பார்த்தேன். வாளியில் மூன்று கை மணல் குறைவாக இருப்பதாகவே பட்டது.