ஏணிப்படி, முட்டை, கவட்டைக் கம்பு

மாட்டுக் கடன் வசூலிக்கிறவர் எங்கள் தெருவுக்குள் வண்டியைத் திருப்பினால், ஏதோ ஒரு வீட்டில் டியூ நின்றுவிட்டது என்று பொருள். ஒன்றரை வருடமாக அந்த வண்டி என் வீட்டைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தது. போன வருடம் ஒரு நாள் காலையில் அது எங்கள் வாசலில் நின்றது. தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம். ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். என் மனைவியும் அதில் ஒருத்தி.

வசூல்காரர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசினார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பேசுகிறவர்களுக்குத் தங்கள் சத்தம் தெரிவதில்லை.

"டியூ திரும்பிட்டு அண்ணாச்சி. உங்க அக்கவுண்டுல பணம் இல்லையாம். அபராதத்தோட கட்டணும். அடுத்த மாசமும் இப்படின்னா மாட்ட ஏத்த ஆள் வரும், பாத்துக்கிடுங்க."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்கக்கூட வாய் வராமல் இறங்கி நடந்திருக்கிறேன். அன்றைக்கும் பணம் போட்டிருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்தப் பசு என் மனைவியுடையது. கடன் என் பெயரில் இருந்தாலும், தீவனம் வைப்பதும் பால் கறந்து சொசைட்டிக்குக் கொண்டுபோவதும் அவள்தான். தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"குடிக்க மாட்டியன்னு எனக்குத் தெரியும். சீட்டு கீட்டு ஆடுதியளா? ஆடுனாலும் சொல்லிருங்க. மாடு போயிரக் கூடாது."

இல்லை என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. தெருவில் யாரும் நம்பவில்லை என்பது மட்டும் குழாயடியில் பேச்சு நின்ற விதத்திலேயே தெரிந்தது.

நான் திருநெல்வேலியில் ஒரு வாழைத்தார் மண்டியில் சுமை தூக்குகிறேன். சனிக்கிழமை கூலி வாங்கியதும் பாளையங்கோட்டை போய், வங்கி வாசலில் இருக்கும் இயந்திரத்தில் கார்டைச் செருகிப் பணம் போட்டுவிடுவேன். நான்கு சனிக்கிழமைகளில் டியூவுக்கான இரண்டாயிரத்து நூறு ரூபாய் சேர்ந்துவிடும். ஐந்தாம் தேதி டியூ தானாகப் போய்விடும். எதற்கும் இருக்கட்டும் என்று எப்போதும் முந்நூறு ரூபாய் அதிகமாகக் கிடக்கும். அப்படியிருக்கப் பணம் எப்படிக் குறையும்?

மண்டியில் முன்பணம் வாங்கி டியூவையும் அபராதத்தையும் கட்டிவிட்டு, பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். வரி அடிக்கிற இயந்திரத்தில் செருகினேன். அது கரகரவென்று இரண்டு பக்கம் அடித்துத் தள்ளியது.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். தமிழை நிதானமாகப் படிப்பேன், எண்கள் நன்றாகத் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. ஆனால் மண்டியில் எங்களுக்கு வேறொரு படிப்பு உண்டு. லாரியில் பத்துப் பேருடைய தார் கலந்து வரும். ஒவ்வொருவரும் தண்டில் தன் குறியைப் போட்டு அனுப்பியிருப்பார். ஒருவர் இரண்டு வெட்டு, ஒருவர் பெருக்கல் குறி, ஒருவர் வட்டத்துக்குள் புள்ளி. யார் தார் என்று யாரும் எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். குறியைப் பார்த்தே பிரித்து அடுக்குவோம். இருபத்தைந்து வருடமாக அந்த வேலையில் நான் ஒரு தாரை மாற்றி அடுக்கியதில்லை.

பாஸ்புக்கையும் அப்படித்தான் பார்த்தேன். டியூ போன வரிக்கு ஒரு குறி. நான் பணம் போட்ட வரிக்கு ஒரு குறி. இவை இரண்டும் எனக்குப் பழக்கம். நடுவில் பழக்கமில்லாத குறி ஒன்று கிடந்தது. முதலில் ஏணிப்படி, அடுத்து முட்டை, அதற்கடுத்துக் கவட்டைக் கம்பு. அதற்கு நேராக நாற்பத்தொன்பது ரூபாய் போயிருந்தது. கீழே மறுபடியும் அதே ஏணிப்படி, முட்டை, கவட்டைக் கம்பு. மறுபடியும் நாற்பத்தொன்பது. விரலை வைத்துக்கொண்டே வந்தேன். ஏழு இடத்தில் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே அதே குறியில் ஒரே ஒரு ரூபாய்.

அந்த ஒரு ரூபாயில் என் விரல் நின்றது. ஏனென்றால் அதை நான் முன்பே பார்த்திருந்தேன். போனில் வருகிற மெசேஜ்களை நான் பார்ப்பதில்லை, விளம்பரமாக வந்து குவியும். அன்றைக்கு என்னவோ பார்த்தேன். ஐந்நூறு ரூபாய் போட்டுவிட்டு வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் ஒரு ரூபாய் போனதாக வந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாண வீட்டில் மொய் எழுதினால் வெறும் ஐந்நூறு என்று எழுத மாட்டோம். மேலே ஒரு ரூபாய் வைத்து ஐந்நூற்றி ஒன்று என்றுதான் எழுதுவோம். வங்கியிலும் அந்த மாதிரி ஏதோ ஒரு முறை இருக்கும் போலிருக்கிறது, அந்த ஒரு ரூபாயை அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். நல்ல முறைதான் என்றுகூடத் தோன்றியது.

கணக்குப் போட்டேன். ஏழு நாற்பத்தொன்பதும் ஒரு ரூபாயும் முந்நூற்று நாற்பத்து நான்கு. நான் அதிகமாகப் போட்டு வைத்த முந்நூறு போக, டியூவுக்குக் குறைந்தது நாற்பத்து நான்கு ரூபாய். அதற்குத்தான் என் மனைவி குழாயடியில் தலைகுனிந்து நின்றாள்.

கார்டின் முதுகில் ஒரு நம்பர் இருக்கும். பஸ் ஸ்டாப்பில் ஆள் இல்லாத ஓரமாகப் போய் நின்று அதைக் கூப்பிட்டேன். ஒரு பெண் பேசினாள். முகம் தெரியாததால் எனக்குக் கொஞ்சம் வாய் வந்தது. முதலில் கார்டை நிறுத்தினாள். எவனோ கார்டு நம்பரைத் திருடியிருக்கிறான், கார்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க முதலில் ஒரு ரூபாய் எடுப்பார்கள், கேட்க ஆள் இல்லை என்று தெரிந்தால் சின்னச் சின்னதாக எடுத்துக்கொண்டே இருப்பார்கள் என்று சொன்னாள். பணம் திரும்ப வேண்டுமானால் தாமதிக்காமல் கிளையில் எழுதிக் கொடுங்கள் என்றாள். நம்பர் எங்கே கசிந்தது என்பது இன்று வரை தெரியாது.

அன்றே உள்ளே போனேன். வரிசையில் பத்துப் பேர் இருந்தார்கள். முறை வரும் நேரத்தில் பின்னால் நின்றவரைப் போகச் சொல்லிவிட்டேன். அப்படியே நாலு பேரைப் போகச் சொல்லி, கடைசியில் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து கோடு போட்ட தாளில் தமிழில் எழுதினேன். மூன்று தாள் கிழித்தேன். நான்காவது எனக்கே பிடித்திருந்தது.

மறுநாள் மண்டிக்கு லீவு சொல்லிவிட்டு வரிசையில் முதல் ஆளாக நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி தாளைப் பாதி படித்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

"படம் பாக்க எதுக்காவது சந்தா கட்டியிருப்பீங்க. வீட்டுல யாராவது போன்ல அமுக்கியிருப்பாங்க. நாப்பத்தொம்பது ரூவாதான, விடுங்க."

 சட்டைப் பையிலிருந்து என் போனை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். பட்டன் போன். இரண்டு பட்டனில் எண் அழிந்து போயிருக்கும்.

"இதுல படம் எங்கன ஓடும்னு காட்டுங்க சார்" என்றேன்.

வரிசை சிரித்தது. எனக்குப் பின்னால் நின்ற வெள்ளை வேட்டிக்காரர், "டார்ச் இருக்குல்லா, செவத்துல அடிச்சுப் பாப்பாரு வே" என்றார். அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும், அடைத்துக் கிடந்த மடை திறந்த மாதிரி எனக்கு வாய் திறந்தது.

"நாப்பத்தொம்பது ரூவாக்கு வரல சார். அதுனால டியூ திரும்பி, எங்க வீட்டு மாட்டக் கேட்டு ஆள் வந்துட்டு. நான் கட்டலன்னு ஊரே நெனைக்கி. நான் கட்டியிருக்கேன். எடுத்தது எவன்னு இங்கன குறி கெடக்கு, பாருங்க."

ஏழு வரியையும் விரல் வைத்துக் காட்டினேன். வெள்ளை வேட்டிக்காரர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பிறகு தன் பாஸ்புக்கைப் பிரித்து, "இந்த எழுத்து எம் புக்குலயும் இருக்க மாதிரித் தெரியுதே. நீரே பாரும்" என்று என் கையில் கொடுத்தார். பார்த்தேன். ஏணிப்படி, முட்டை, கவட்டைக் கம்பு. அவருக்குப் பதினோரு இடத்தில் இருந்தது. காலேஜில் படித்தவர், பெரிய கடை வைத்திருப்பவர், ஒரு நாளும் கவனித்ததில்லையாம்.

அதற்குப் பிறகு நான் அங்கே சுமைதூக்கி இல்லை. வரிசையே பாஸ்புக்கை நீட்டியது. ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தேன். ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை செய்யும் அம்மாவின் புத்தகத்தில் கடைசி வரியில் அந்தக் குறி இருந்தது, ஒரே ஒரு ரூபாயோடு. நான் மொய் என்று நினைத்து விட்ட அதே ஒரு ரூபாய். "இன்னும் ஆரம்பிக்கல தாயி. இப்பமே கார்டை நிறுத்துங்க" என்றேன். அந்த அம்மா அங்கேயே நின்று போன் போட்டார். அவருக்கு அந்த ஒரு ரூபாயோடு போயிற்று.

சத்தம் கேட்டு மேனேஜர் வெளியே வந்தார். என்னைத் தன் அறையில் உட்கார வைத்தார். இங்கிலீஷ் பாரத்தை அந்த அதிகாரியே என் கடிதத்தைப் பார்த்து நிரப்பினார். டியூ திரும்பியதற்கு வங்கி பிடித்த கட்டணத்தையும் கேட்டேன். அதிகாரி யோசித்தார். "தப்பு என்னுது இல்ல சார்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். அடுத்த முறை போனபோது, ஒரு ரூபாய் தெரியாமல் போயிருந்தாலும் உடனே சொல்லவும் என்று வாசலில் தமிழில் ஒட்டியிருந்தார்கள்.

சில வாரத்தில் எல்லாம் வந்து சேர்ந்தது, அந்த ஒரு ரூபாய் உட்பட. வங்கி கொடுத்த கடிதத்தைக் காட்டியதும் கடன் கம்பெனியில் அபராதத்தை அடுத்த டியூவில் கழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. வசூல்காரருக்குப் போன் போட்டேன். விஷயத்தை வீட்டில் வந்து சொல்ல வேண்டும் என்றேன். சாயங்காலம் வருவதாகச் சொன்னார்.

"சாயங்காலம் வேண்டாம். காலைல தண்ணி வார நேரத்துக்கு வாங்க. அன்னைக்கு எங்கன நின்னு சொன்னீங்களோ அங்கனயே நின்னு சொல்லணும்."

 சரி அண்ணாச்சி என்றார்.

வந்தார். நல்ல மனிதர்தான். இந்த முறை ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி பணம் ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறார், திருடன் எடுத்திருக்கிறான், இவர் மேல் பாக்கி எதுவும் கிடையாது என்று என்னைப் பார்த்துக்கொண்டே பைய, தாழ்ந்த குரலில் சொன்னார்.

என் மனைவி குழாயை மூடினாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"தண்ணிச் சத்தத்துல சரியா கேக்கல" என்றாள். "இன்னொரு தடவ சொல்லுங்க."