மிதந்த பதினான்கு முட்டைகள்

கல்யாணமாகி மாமியார் வீட்டுக்கு வந்த மறுநாள் விடியற்காலையில், துருப்பிடித்த ரம்பத்தால் நாலைந்து பேர் தகரம் அறுப்பது போல ஒரு சத்தம் கேட்டது. அலறியடித்து எழுந்து பின்கட்டுக் கதவைத் திறந்தேன். புங்கமரக் கிளைகளில் இருபதுக்கு மேல் பறவைகள். சாம்பல் நிற உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, வெளுத்துப்போன மொட்டை முகம், உச்சந்தலையில் சின்னதாக ஒரு கொம்பு. அத்தனையும் என்னைப் பார்த்துத்தான் கத்திக்கொண்டிருந்தன. தொழுவத்தில் சாணி வழித்துக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்து சிரித்தார். "பயப்படாதே கண்ணு, கின்னிக்கோழிதான். பாம்பெப் பாத்தாலும் கத்தும், பரதேசியெப் பாத்தாலும் கத்தும், புதுசா வந்த மருமவளெப் பாத்தாலும் கத்தும்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சேலம் பக்கத்திலிருந்து வாழ வந்தவளை வரவேற்கிற லட்சணமா இது என்று பொருமிக்கொண்டே பல் துலக்கினேன்.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் ஊர் மத்திகிரியிலிருந்து நடந்துபோகிற தூரம். இரண்டு மைல் தாண்டினால் மைசூர் எல்லை. வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, ஏர் ஓட்டும்போது கன்னடம் என்று எதற்கு எந்த மொழி என்பதே எனக்கு மூன்று மாதம் பிடிபடவில்லை. மாமியார் கின்னிக்கோழிகளைக் கன்னடத்தில்தான் கூப்பிடுவார். முறத்தில் ராகியை வைத்துக்கொண்டு "பா, பா, பா" என்று ஒரு குரல் கொடுத்தால், வேலிக்கு அப்பால் மேய்ந்துகொண்டிருந்ததெல்லாம் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவரும் பெண்பிள்ளைகள் மாதிரி ஓடிவரும். அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். வேறு எப்போதும் அதை நான் பார்த்ததில்லை.

அந்த நிம்மதிக்குக் காரணம் இருந்தது. என் கணவருக்கு ஒரு தம்பி இருந்தானாம், பதினான்கு வயதில். மாலையில் மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிவரச் சொல்லி மாமியார்தான் அனுப்பியிருக்கிறார். வைக்கோல்போருக்கு அடியில் கண்ணாடிவிரியன் இருந்திருக்கிறது. மறுநாள் பையன் இல்லை. அதன்பிறகு மாமியார் அந்தி சாய்ந்தால் முற்றத்தில் கால் வைக்கமாட்டாராம். யாரையும் வைக்கவும் விடமாட்டாராம். மத்திகிரிக் கால்நடைப் பண்ணையில் வேலை பார்த்த மாமியாருடைய தம்பிதான், அங்கே ஒரு துரை வளர்த்ததன் வம்சம் என்று சொல்லி நான்கு கின்னிக்கோழிகளைக் கூடையில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். பாம்பு கண்ணில் பட்டால் அவை வட்டமாகச் சூழ்ந்துகொண்டு ஊரையே கூட்டிவிடும். அந்த நான்கு இருபதானபிறகுதான் மாமியார் மறுபடி பயமில்லாமல் தன் வீட்டு முற்றத்தில் நடந்தார். இதெல்லாம் எனக்குச் சொல்லப்பட்டது. கேட்டுக்கொண்டேன். ஆனால் இருபது வயதில் காதில் விழுவதெல்லாம் மனதிலா விழுகிறது?

அவற்றை வளர்ப்பது லேசான காரியமில்லை. நாட்டுக்கோழி மாதிரி கூடைக்குள் வந்து முட்டையிடாது. வேலியோரம் உண்ணிச்செடிப் புதருக்குள் ஒளித்துவைத்து இடும். கையால் எடுத்தால் வாடை பிடித்து அந்த இடத்தையே விட்டுவிடும் என்று மாமியார் நீளமான அகப்பையால்தான் எடுப்பார், அதுவும் நாலைந்தை விட்டுவைத்து. அவற்றைத் தானே அடைகாக்க விடமாட்டார். பொரித்த குஞ்சுகளைப் பனிப்புல்லில் இழுத்துக்கொண்டு போய்க் கொன்றுவிடும், அவ்வளவு புத்தி அதற்கு. அதனால் நாட்டுக்கோழிக்கு அடியில்தான் வைப்பார். குஞ்சு பொரித்தால் பனி இறங்கி வெயில் ஏறும்வரை வெளியே விடமாட்டார். நனைந்த குஞ்சு அரை நாள் தாங்காது. கால் அகன்று நிற்கமுடியாமல் கிடப்பதற்கு இரண்டு காலையும் இழையால் தளர்வாகச் சேர்த்துக் கட்டி இரண்டு நாள் வைத்திருப்பார். எழுந்து நடக்கும். பூச்சிக்கு வேப்பங்கொழுந்தும் பூண்டும் அரைத்துக் கொடுப்பார். இத்தனை பாடு ஒரு கத்துகிற கோழிக்கா என்று எனக்கு எரிச்சலாக வரும். பிறந்த வீட்டில் நாற்பது கோழி வளர்த்தவள் நான். கோழியைப் பற்றி எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற எண்ணம் தலைக்குள் கொழுத்துக் கிடந்தது.

அடுத்த வருஷம் மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்ட சேவல் காணாமல்போய்விட, என் கணவர் குருபரப்பள்ளியிலிருந்து ஒரு சேவல் வாங்கிவந்து தொழுவத்தில் கட்டினார். மூன்றாம் நாள் அது கழுத்தைத் திருகிக்கொண்டு சாய்ந்தது. அதற்கடுத்த வாரம் கின்னிக்கோழிகள் ஒவ்வொன்றாகச் சிறகைத் தொங்கப்போட்டு நின்றன. வெள்ளைக் கழிச்சல். மாமியார் நோய்ப்பட்டதைத் தனித்தனியாகக் கூடைபோட்டுக் கவிழ்த்தார். எச்சத்தைச் சுரண்டி எரித்தார். தரையெல்லாம் சுண்ணாம்பு தெளித்தார். கீழாநெல்லியும் சீரகமும் சின்ன வெங்காயமும் அரைத்து உருட்டி, ஒவ்வொன்றின் அலகையும் பிரித்துத் தொண்டைக்குள் தள்ளினார். மத்திகிரியிலிருந்து கால்நடைக் கம்பவுண்டர் ஒருவரை மாமியாரின் தம்பி அழைத்துவந்தார். அவர் பார்த்துவிட்டு, "வந்தப்புறம் இதுக்கு மருந்தே இல்லீங்கம்மா. வர்றதுக்கு முன்னாடி ஊசி போட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பையை மூடினார். பத்து நாளில் எல்லாம் முடிந்துபோயிற்று. ஒவ்வொன்றையும் மாமியாரே ஆழமாகக் குழிவெட்டிப் புதைத்தார். என்னைப் பக்கத்தில் விடவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது: சத்தம் அடங்கிய முதல் இரண்டு விடியற்காலைகள் எனக்கு இதமாக இருந்தன. நன்றாகத் தூங்கினேன்.

நோய் வருவதற்கு முன்பே புதரிலிருந்து எடுத்த முட்டைகள் பதினான்கு, ராகிப் பானைக்குள் இருந்தன. பண்ணையிலும் அந்த வம்சம் அப்போது அற்றுப்போயிருந்தது. மிச்சம் என்று சொல்ல உலகத்தில் அந்தப் பதினான்குதான். மாமியார் கையை மஞ்சள் தண்ணீரிலும் சாம்பலிலும் மாற்றி மாற்றித் தேய்த்துக் கழுவினார், தோல் உரிந்துவிடுமோ என்கிற அளவுக்கு. தம்பி வீட்டிலிருந்து நோய் படாத அடைக்கோழி ஒன்றை வரவழைத்து, தொழுவத்தில் வேண்டாமென்று குதிர் இருந்த அறையில் புதுக்கூடையில் உமி பரப்பி, பௌர்ணமியன்று அடைவைத்தார். சாமி கும்பிடுகிறவர் போல ஒவ்வொரு முட்டையாக எடுத்து வைத்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பத்து நாள் கழித்து நாட்றாம்பாளையத்திலிருந்து ஆள் வந்தது. அங்கே கட்டிக்கொடுத்திருந்த அவர் மகளுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டதாம். மாமியார் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஏம் புள்ளே, கோழிக்குத் தீனியும் தண்ணியும் மட்டும் வெய்யி. அடுத்த பௌர்ணமி வரைக்கும் முட்டெமேலே கை வெக்காதே. நா வந்து பாத்துக்கறேன்." சரி அத்தை என்றேன்.

இருபத்தோராம் நாள் வந்தது. ஒன்றும் பொரிக்கவில்லை. இருபத்திரண்டு, இருபத்து மூன்று. கோழி அடைகாத்தால் இருபத்தொரு நாள் என்பது பால்குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும், பௌர்ணமியாவது அமாவாசையாவது, கிழவிக்கு எல்லாவற்றிலும் ஒரு சாஸ்திரம் என்று நினைத்துக்கொண்டேன். அறையில் வேறு நாற்றம். கோழி இளைத்து ஈர்க்குச்சியாகிவிட்டது. அடுத்தவர் வீட்டுக் கோழி, செத்துப்போனால் யார் பதில் சொல்வது என்றும் எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். இருபத்து நான்காம் நாள் மத்தியானம் கோழியைத் தூக்கி, அடைகாக்கிற சூடு தணிந்து அடை தெளியட்டும் என்று தண்ணீர்த் தொட்டியில் இரண்டு முக்கு முக்கி வெயிலில் விட்டேன். பிறகு ஒரு குண்டானில் தண்ணீர் எடுத்து முட்டைகளைப் போட்டுப் பார்த்தேன். நல்ல முட்டை முழுகும், கெட்டது மிதக்கும். என் பிறந்த வீட்டுப் பாடம் அது. பதினான்கும் மிதந்தன. சொன்னேனா இல்லையா, எல்லாம் கூமுட்டை என்று ஒரு திருப்திகூட வந்தது. அதில் நாலைந்து மட்டும் லேசாக ஆடின. தண்ணீர் அலம்புவதால் ஆடுகின்றன என்று நினைத்தேன்.

முறத்தில் அள்ளிக்கொண்டுபோய் எருக்குழியில் ஒரே வீச்சாகக் கொட்டினேன். கின்னிக்கோழி முட்டையின் ஓடு கெட்டி. ஆனாலும் கல்லில் பட்டுப் பத்து உடைந்தன. மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். நாற்றம் வரவில்லை. குனிந்து பார்த்தேன். பழுப்பில் கறுப்புக் கோடு போட்ட ஈரக் குஞ்சு ஒன்று, ஓட்டுக்குள் மடங்கியபடி, அலகைத் திறந்து திறந்து மூடியது. பக்கத்தில் இன்னொன்றின் கால் உதைத்தது. இருபத்தொரு நாள் நாட்டுக்கோழிக் கணக்கு; கின்னிக்கோழிக்கு இருபத்தெட்டு, அதற்குத்தான் அத்தை பௌர்ணமி சொல்லியிருந்தார். ஐயோ, என் தெய்வமே! குழிக்குள் இறங்கி உடையாத நான்கையும் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு ஓடினேன். கோழியைப் பிடித்துக்கொண்டுவந்து மேலே உட்காரவைத்தேன். அது எழுந்து ஓடியது. மறுபடி பிடித்து, கூடையைக் கவிழ்த்து, மேலே கல்லை வைத்தேன். உள்ளேயே நின்றதே தவிர உட்காரவில்லை. அடையை நான்தானே தெளியவைத்தேன்! கடைசியில் பழந்துணியில் சுற்றி, உமிக்குள் புதைத்து, அடுப்போரம் வைத்து, காதருகே எடுத்து எடுத்துக் கேட்டேன். மறுநாள் மத்தியானம்வரை உள்ளே கீறுகிற சத்தம் இருந்தது. அப்புறம் இல்லை.

மாமியார் பௌர்ணமிக்கு மறுநாள் வந்தார். மகளுக்குச் சுகப்பிரசவம். முகமெல்லாம் சிரிப்பு. மூட்டையை இறக்காமலே குதிர் அறைக்குத்தான் போனார். நான் வாசற்படியிலேயே நின்று, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னேன்: "எல்லாம் கூமுட்டை அத்தை. கொட்டிட்டேன்."

"ஒண்ணுகூடவா பொரிக்கலே?"

"ஒண்ணுகூட இல்லே அத்தை."

நான் எதிர்பார்த்தது திட்டு. ஏன் தொட்டாய், எப்போது தொட்டாய் என்று அவர் கேட்டிருந்தால் அழுது கொட்டியிருப்பேன். அவர் கேட்கவில்லை. வெறும் கூடைக்கு முன்னால் உட்கார்ந்து தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தார். "சீக்குக் கோழியெப் பொதச்ச கையாலே எடுத்து வெச்சேன். எங்கே வெளங்கும்? சின்னவனெயும் இந்தக் கைதான் வெக்கப்போருக்குப் போன்னு காட்டி அனுப்புச்சு. என் கை ஆவாத கை கண்ணு" என்றார். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

பெங்களூரிலிருந்து வேறு ஜோடி வாங்கிவரட்டுமா என்று அவர் தம்பி கேட்டுப் பார்த்தார். வேண்டாம் என்றுவிட்டார். அந்தியில் முற்றத்தில் இறங்குவது நின்றுபோயிற்று. நடுவீட்டில் உட்கார்ந்து, வெளியே இருக்கிறவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி உள்ளே கூப்பிடுவார். விதைக்கிற நாளில் முதல் கைப்பிடி ராகி அவர் கையால்தான் விழும். அதையும் என்னிடம் தள்ளிவிட்டார். ஏன் என்று கேட்ட மகனிடம் "ஒம் பொண்டாட்டி கை நல்ல கை" என்றார். இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒரு வருஷம் ஓடியது. சொன்னால் என்ன செய்திருப்பார்? நாலு நாள் பேசாமலிருந்திருப்பார். அவ்வளவுதான். அந்த நாலு நாளுக்குப் பயந்தேன்.

எனக்குத் தலைப்பிள்ளை பிறந்தது அந்த வீட்டில்தான். அம்மா இல்லாத எனக்குத் தாய்வீடு என்று ஒன்று இல்லை. ஒன்பது மாதமும் மாமியார் என்னைக் குனிந்து ஒரு துரும்பு எடுக்க விடவில்லை. பையன் பிறந்ததும் மருத்துவச்சி அவனைத் துடைத்துத் துணியில் சுற்றி, சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தை நீட்டி, "சேனை வெய்யுங்கம்மா, பேரனுக்கு நீங்கதானே வெக்கணும்" என்றாள். பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் சொட்டு யார் வைக்கிறார்களோ அவர்களுடைய குணமும் ராசியும் வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மாமியார் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். "வேணாம் வேணாம், எங் கை வேணாம். நா தொட்டது எது பொழச்சுது? பக்கத்து ஊட்டு பாயம்மாவெக் கூப்புடு. நல்ல மனசுக்காரி" என்றார். கண்ணெல்லாம் குழந்தை மேல்தான் இருந்தது. அப்படியொரு ஆசையை நான் எந்த முகத்திலும் பார்த்ததில்லை.

பாயில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். 'அத்தை, அது கூமுட்டை இல்லே, நாந்தான் கொன்னுட்டேன்.' இவ்வளவுதான் சொல்லவேண்டியது. நாக்கின் நுனிவரை வந்தது. மருத்துவச்சி இருக்கிறாள், வாசலில் கணவர் நிற்கிறார், பிள்ளை பெற்ற நேரத்தில் இந்தப் பேச்சா என்று விழுங்கிவிட்டேன். ஜவுளி வியாபாரியின் மனைவி பாயம்மா வந்து, பிஸ்மி சொல்லி, மனசார என் மகனுக்குச் சேனை வைத்தார். மாமியார் கதவோரம் நின்று பார்த்தார். அவன் தானாக எழுந்து நடந்துபோய் அவர் காலைக் கட்டிக்கொள்ளும்வரை அவனை அவர் தூக்கவில்லை. அவனுக்கு ஆறு வயதாகும்போது போய்ச்சேர்ந்துவிட்டார். கடைசி வாரம் முழுக்க நான்தான் கஞ்சி ஊட்டினேன். அப்போதும் சொல்லவில்லை.

அந்தக் கொல்லையைச் சுற்றி இப்போது தொழிற்சாலைகளின் மதில். விடியற்காலையில் கத்துவது ஷிப்டுச் சங்கு. எங்கள் தெருவில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் சேனை வைத்த பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் வளர்கிறார்களாம். போன மாதம் எதிர்வீட்டில் பெண் குழந்தை. சர்க்கரைத் தண்ணீரைச் சுண்டுவிரலால் தொட்டு அதன் நாக்கில் வைத்தேன். சப்புக்கொட்டி இன்னும் கேட்டது. "எவ்ளோ ராசியான கை பாருங்க" என்று அந்தப் பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.