சூரிய விளிம்பின் நடுக்கம்

சுதர்சனாவுக்கு நாற்பத்து மூன்று வயது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறார். தொலைநோக்கிக் கருவிகள் செய்யும் பெங்களூர் நிறுவனம் ஒன்றில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவர். அப்பா யசோதரன் பக்கவாதத்தில் படுத்தபோது, வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தார். மூன்று வருடம் கழித்து அப்பா இறந்தார். திரும்பி வரலாமா என்று கேட்டபோது அங்கே அவருடைய மேஜையில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். "அங்கிருந்தே நல்லாத்தானே செய்யறீங்க" என்றார்கள்.

தனிமை அவருக்குப் புதிதல்ல. சமணக் குடும்பம், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடும் பழக்கம். படிக்கும் காலத்தில் தொலைநோக்கி நிலையத்தில் மற்றவர்கள் எட்டு மணிக்குக் கூடிச் சிரித்துப் பேசிச் சாப்பிடுவார்கள். அவர் ஐந்தரைக்கே காலி மெஸ்ஸில் ஒற்றை ஆளாய்ச் சாப்பிட்டு முடித்திருப்பார்.

வெயிலில் தார் ரோட்டின் மேல் காற்று நெளிவதைப் பார்த்திருப்போம். நம் தலைக்கு மேலுள்ள காற்றெல்லாம் அப்படித்தான் நெளிகிறது. அதனால் தொலைநோக்கியில் தெரியும் உருவம் நடுங்குகிறது. அந்த நடுக்கத்தை அளந்து, அதை ஈடுகட்டும்படி ஒரு மெல்லிய கண்ணாடியை விநாடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் வளைத்தால் உருவம் நின்றுவிடும். எவ்வளவு வளைய வேண்டும் என்று அந்தக் கண்ணாடிக்குச் சொல்லும் புரோகிராம் சுதர்சனா எழுதியது.

சென்ற மார்ச்சில் வடக்கே ஒரு மலை உச்சியில், சூரியனைப் பார்க்கும் தொலைநோக்கியில் இந்தக் கண்ணாடிக் கருவியைப் பொருத்தினார்கள். உருவம் நிற்கவில்லை. அங்கே வேலை செய்யும் சரவணகுமார் போன் செய்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. மீட்டிங்ல எல்லாரும் உங்க புரோகிராம்தான் காரணம்னு பேசறாங்க."

"அந்த மீட்டிங்குக்கு என்னைக் கூப்பிடவே இல்லையே."

"தெரியும் மேடம். டேட்டா முழுசா அனுப்பறேன். நீங்களே பாருங்க."

பதினெட்டு நாள் பார்த்தார். பல நாட்கள் பால்காரரைத் தவிர யாரிடமும் பேசவில்லை. வெறும் எண்களை நம்ப மனசு வராமல், தன்னிடமிருந்த சிறிய தொலைநோக்கியில் வெயிலை மட்டுப்படுத்தும் வடிகட்டி மாட்டி, வேகமாகப் படமெடுக்கும் கேமராவோடு மொட்டை மாடியில் வைத்தார். சூரியனின் விளிம்பு எப்படி நடுங்குகிறது என்று காலைதோறும் பதிவு செய்தார். காய்ந்த துணி எடுக்க வந்த வீட்டுக்காரம்மா சரசு நின்று பார்த்தார்.

"சூரியனையா பாக்கறீங்க? அது டெய்லி வர்றதுதானே?"

"வருதுக்கா. எவ்ளோ நடுங்குதுன்னு பாக்கறேன்."

"இந்த வெயில்ல அது எதுக்கு நடுங்குது?" என்று கேட்டார் சரசு. பதிலுக்குக் காத்திருக்காமல் துணியோடு இறங்கிப் போனார்.

மாடியில் பதிவான நடுக்கம் ஒரு நிமிஷம் ஜாஸ்தி, ஒரு நிமிஷம் கம்மி. ஊரையொட்டிய மலையின் பாறை சூடேற ஏற இன்னும் தாறுமாறானது. வடக்கிலிருந்து வந்த பதிவில் மட்டும் காற்றின் நடுக்கத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது. விநாடிக்கு நாற்பத்தெட்டு முறை, எந்த வேளையிலும் மாறாமல். காற்று அப்படி எண்ணி வைத்து நடுங்காது.

சரவணகுமாரைக் கூப்பிட்டார். "பக்கத்துல மோட்டார் ஏதாவது ஓடுதா?"

"கேமராவைக் குளிர வைக்கற பம்ப் ஓடுது மேடம். கீழ் ரூம்ல."

"ரெண்டு நிமிஷம் ஆஃப் பண்ணிப் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

போனை மேஜையில் வைத்துவிட்டு சரவணகுமார் ஓடும் சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில், உருவம் நின்றுவிட்டதென்று யாரோ இந்தியில் கத்தினார்கள். பிறகு கைதட்டல். நாற்காலிகள் நகர்ந்தன, சரவணகுமார் சிரித்தார். ஒருவரும் போனை எடுக்கவில்லை. குரல்கள் டீ குடிக்க வெளியேறி, கதவு சாத்தப்படும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு சுதர்சனா இணைப்பைத் துண்டித்தார்.

மத்தியானம் படம் வந்தது. சூரியனின் மேற்பரப்பு, முறத்தில் பரப்பிய அரிசிபோல மணிமணியாகத் தெரிந்தது. "போனை மறந்துட்டேன் மேடம், சாரி" என்று கீழே எழுதியிருந்தார் சரவணகுமார். பம்புக்கு அடியில் ரப்பர் கட்டைகள் வைத்தார்கள். அது பற்றிய ஆய்வுக் கட்டுரையில் சுதர்சனாவின் பெயர் ஏழாவதாக வந்தது.

அக்டோபரில் லீவு போட்டுவிட்டு, சொந்தச் செலவில் அந்த மலைக்குப் போனார். அவருடைய புரோகிராம் வளைக்கும் கண்ணாடி, திருகுகளால் இறுக்கி மூடிய ஒரு கறுப்புப் பெட்டிக்குள் இருந்தது.

"திறக்கச் சொல்லட்டுமா மேடம்?" என்று கேட்டார் சரவணகுமார்.

"வேணாம். உள்ள தூசி போயிடும்."

பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மறுநாள் முதல் பஸ்ஸில் மலையிறங்கினார்.