சந்தனம் வைத்த ஃப்ளாப்பிகள்

ஆயுத பூஜை, விஜயதசமி விடுமுறை முடிந்து கடை திறந்த காலை. ஜெசிந்தாவின் ஃப்ளாப்பியை டிரைவில் செருகித் தாழைத் திருப்பினேன். வழக்கமாகப் பூனை உறுமுவதுபோல ஒரு சத்தம் வரும். அன்று தேங்காய் துருவும் சத்தம் வந்தது. பிறகு கம்ப்யூட்டர், படிக்க முடியவில்லை, நிறுத்தவா, மறுபடி முயலவா, விட்டுவிடவா என்று கேட்டது. மறுபடி முயலச் சொன்னேன். மறுபடியும் தேங்காய் துருவியது.

வெளியே எடுத்துப் பார்த்தேன். ஃப்ளாப்பியின் கறுப்பு உறையில் நீள்வட்டமாக ஒரு துளை இருக்கும். அதன் வழியே உள்ளே இருக்கும் தகடு தெரியும். அந்தத் தகட்டில் மஞ்சளும் சிவப்புமாக வளையங்கள் ஓடியிருந்தன. மோந்து பார்த்தேன். சந்தனம்.

"என்னண்ணே, வரலையா?" என்றாள் ஜெசிந்தா.

"வரும்" என்றேன். எங்கள் தொழிலில் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்ளும் பொய் அது.

1. லேபிள் வந்த கதை

இளையவர்களுக்கு ஒரு விளக்கம். நீங்கள் சேவ் செய்ய அமுக்கும் இடத்தில் ஒரு சதுரப் படம் இருக்கிறதே, நான் சொல்லும் ஃப்ளாப்பி அதற்கு அண்ணன். ஐந்தேகால் அங்குலம். அப்பளம்போல் வளையும். தம்பிக்குத் துளையை மூடும் தகரக் கதவு உண்டு, அண்ணனுக்குக் கிடையாது. அந்தத் துளை வழியாகத்தான் டிரைவின் ஹெட் தகட்டைத் தொட்டுப் படிக்கும். அங்கே விரல்கூடப் படக்கூடாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராமநாதபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஆபரேட்டராக இருந்தேன். முதலாளி சண்முகவேல், முதுகுளத்தூர்ப் பக்கம். அதற்கு முன் மிளகாய்க் கமிஷன் கடை வைத்திருந்தவர். கம்ப்யூட்டர் ரூமுக்குள் செருப்பு போடக்கூடாது என்பது தவிர அவருக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி வேறு எதுவும் தெரியாது. ஆனால் அதன் மேல் இருந்த மரியாதை நிஜமானது. அதை நான் இன்றைக்கும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

டைப்பிங் வேலை எடுத்தால் எல்லாவற்றையும் ஃப்ளாப்பியில்தான் வைப்போம். ஹார்ட் டிஸ்கில் கடைக் கணக்குக்கே இடம் போதாது. ஃப்ளாப்பிகளின் மேல் ஒட்டிய லேபிளில் பால்பாயிண்ட் பேனாவால் பெயர் எழுதுவோம். அழுத்தி எழுதினால் தகட்டில் தடம் விழும், அழுத்தாமல் எழுதினால் கடல்காற்று ஈரத்தில் மை பிடிக்காது. இந்தத் தொல்லைக்கு மதுரையில் ஒரு நண்பர் மருந்து கொடுத்தார். லேபிள் அடிக்கும் ஒரு ஷேர்வேர் புரோகிராம். ஃப்ளாப்பியைப் போட்டால் போதும், உள்ளே என்னென்ன ஃபைல், ஒவ்வொன்றும் எத்தனை பைட் என்று அதுவே படித்து, பொடி எழுத்தில், சுற்றிலும் கட்டம் கட்டி, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் ஸ்டிக்கராக அடித்துக் கொடுத்துவிடும். லேபிளில் ஓர் ஓரம்கூடக் காலியாக இருக்காது.

ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது ஒரு விண்ணப்பம் வைக்கும். முதலாளி ஒருநாள் பின்னால் நின்று என்னை அதைப் படித்துச் சொல்லச் சொன்னார்.

"யாருய்யா அமெரிக்காவுக்குப் பணம் அனுப்பச் சொல்றது?"

"இத எழுதுனவருதான் முதலாளி. பிடிச்சிருந்தா அனுப்பணுமாம்."

"பிடிக்கலேன்னு போடு."

"பிடிக்கலேன்னா அழிச்சிரணுமாம்."

"அப்ப, இன்னும் யோசிக்கிறோம்னு போடு."

கடையை மூடும்வரை யோசித்துக்கொண்டுதான் இருந்தோம்.

ஆனால் லேபிளைப் பார்த்ததும் முதலாளி சொக்கிப்போனார். வருகிறவர்களுக்கெல்லாம் ஃப்ளாப்பி டப்பாவைத் திறந்து காட்டுவார். உள்ளே இருக்கிற வேலையைப் பற்றிக் கேட்டால் என்னைக் கைகாட்டுவார். லேபிளைப் பற்றி அவரே பேசுவார்.

2. அளவாக ஒரு இடம்

பூஜைக்கு நான் சாயல்குடிக்கு, என் ஊருக்குப் போயிருந்தேன். முதலாளி தனியாகவே எல்லாம் செய்திருந்தார். மானிட்டர், கீபோர்டு, பிரிண்டர், கத்தரிக்கோல், கடைப்பூட்டு, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ஸ்டெபிலைசருக்கு மாலை. நான் திரும்பி வந்தபோது கடை முழுக்கப் பொரி வாசம்.

சந்தனத்தை மோந்தபிறகு முதலாளியை உள்ளே கூப்பிட்டேன்.

"முதலாளி, ஃப்ளாப்பிக்கும் பொட்டு வச்சீகளா?"

"வைக்காம? அதுதானய்யா நமக்குச் சோறு போடுது. ஒண்ணு விடாம வச்சேன்."

"போன வருசமெல்லாம் லேபிள் ஓரத்துலதான வச்சீக?"

"இந்த வருசம் ஓரம் எங்க இருக்கு? வச்சா நீ அடிச்ச எழுத்தெல்லாம் நாசமாகும்ல. தாள் உறையிலருந்து எடுத்துப் பாத்தேன், கீழ ஒரு ஓட்டை காலியா இருந்துச்சு. அங்கன வச்சேன். ஒரு விரலுக்கு அளவாத்தான் இருந்துச்சு."

"பேக்கப் டப்பாவுக்கு?"

"அதுக்கும்தான். அது என்ன பாவம் பண்ணுச்சு?"

நகல் ஃப்ளாப்பிகள் இருக்கும் பேக்கப் டப்பாவைத் திறந்தேன். பாரபட்சமே இல்லை. ஒவ்வொரு துளையிலும் ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம், நேர்த்தியாக.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் யார்மேல் காட்டுவது? சாமி கும்பிட்டதற்காக ஒரு முதலாளியைத் திட்ட எந்த ஆபரேட்டருக்கும் வாய் வராது. விஷயத்தை விளக்கினேன். ஹெட், தகடு, காந்தம், எல்லாம் சொன்னேன். அவர் முகம் மெல்ல மெல்லச் சுருங்கியது. கடைசியில், "அப்ப அந்தப் புள்ள படிச்சதெல்லாம் போச்சா?" என்று கேட்டார். அப்படிக் கேட்டதும் என் கோபத்தை வைத்துக்கொள்ள இடம் இல்லாமல் போயிற்று.

அந்தப் பிள்ளை வாசல் ஓரம் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜெசிந்தா பாம்பன்காரி. அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா ஆழம் குறைந்த இடங்களில் முங்கிப் பாசி எடுக்கிறவர். கடலில் விளையும் அந்தப் பாசியைப் பற்றித்தான் இவள் ஆராய்ச்சி. எந்தத் திட்டில், எந்த மாதத்தில், எது எவ்வளவு வளர்கிறது, அறுத்தால் எப்போது திரும்பத் தழைக்கிறது என்று வருடக்கணக்காகப் பார்த்து எழுதியிருந்தாள். சனிக்கிழமைக்குள் மதுரையில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு முறை தவணை வாங்கியாயிற்று, இனிமேல் கிடையாது. கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. அத்தனை வருட உழைப்பும் வெறும் பேச்சாகிவிடும்.

"கையெழுத்துப் பிரதி வச்சிருப்பேல்லம்மா?" என்றேன்.

"திருத்தத்தையெல்லாம் இங்கனயே ஸ்க்ரீன்ல பாத்துப் பாத்துத்தானண்ணே போட்டோம். பழைய தாளெல்லாம் பாசிக்கு அடியில வச்சு அமுக்கிட்டேன்."

பாசியை ஈரத்தோடு தாளில் ஏற்றி, மேலும் கீழும் வேண்டாத காகிதம் வைத்து அழுத்திக் காயவைப்பார்கள். அவளுடைய முதல் நான்கு அத்தியாயங்களின் பழைய பிரதி அந்த வேலையில் இருந்தது. ஐந்தாவது அத்தியாயத்துக்குப் பழைய பிரதியே இல்லை. முடிவுகளெல்லாம் இருக்கும் அத்தியாயம் அது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்ல நான் நேராக டைப் செய்தது. நான் அன்று காலை டிரைவில் போட்டுத் தேங்காய் துருவியதும் அதைத்தான்.

3. பாசி ஏற்றுவது போல

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. ஒரு ஃப்ளாப்பியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"இது என்னண்ணே, பிளாஸ்டிக்கா?"

"ஆமா. மேல காந்தப் பூச்சு."

"தண்ணியில நனைஞ்சா பூச்சு உரிஞ்சிருமா?"

எனக்குத் தெரியவில்லை. எந்தப் புத்தகத்திலும் ஃப்ளாப்பியை நனைத்துப் பார்க்கச் சொல்லவில்லை. ஒரு வேண்டாத ஃப்ளாப்பியை உறையிலிருந்து அறுத்தெடுத்து, தண்ணீரில் போட்டு, காயவைத்து, வேறு உறைக்குள் செருகிப் பார்த்தோம். ஈரம் போனதும் முதலாளியைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு, பக்கத்துக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் டிரைவின் ஹெட்டில் குங்குமம் அப்பியிருந்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தும் அது எதையும் படிக்கவில்லை.

பக்கத்துக் கடை ஹமீது பாயுடையது. கீழக்கரைக்காரர். எஸ்.டி.டி. பூத், ஜெராக்ஸ், வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு ஃபாரம் டைப் செய்யும் கம்ப்யூட்டர் ஒன்று. டிரைவும் ஒன்றுதான். வாசலில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

"பூபதி, தண்ணியில முக்குனத எம் டிரைவுல போடணுங்கிறிய."

"ஆமா பாய்."

"இதுவும் போச்சுன்னா நாளைக்கி நிக்கிறவுகளுக்கெல்லாம் நான் கையாலதான் எழுதணும். எங் கையெழுத்தப் பாத்தா எந்த நாட்டுலயும் உள்ள விட மாட்டான்." கொஞ்ச நேரம் டிரைவைப் பார்த்தார். "புள்ளைக்கிச் சனிக்கிழமையில்ல? போடு."

போட்டேன். பூனை உறுமியது.

திரும்பி ஓடி வந்தபோது ஜெசிந்தா ஏற்பாடுகளை முடித்திருந்தாள். பாட்டரிக்கு ஊற்றும் உப்பில்லாத தண்ணீர் இரண்டு கேன் முதலாளி வாங்கி வந்திருந்தார். கடையிலிருந்த சாப்பாட்டுத் தட்டு, அவள் பையிலிருந்த மெல்லிய தூரிகை, மல் துணி. நான் பிளேடால் உறையின் ஓரத்தை அறுத்துத் தகட்டை எடுத்துக் கொடுப்பேன். அவள் அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, தூரிகையால் சந்தனத்தைத் தள்ளுவாள். தேய்க்கவில்லை, தள்ளினாள். பிறகு அடியில் துணியைக் கொடுத்து ஒரு மடிப்பும் விழாமல் தூக்கினாள். பாசியை ஏற்றும் முறை அது என்று பிறகு சொன்னாள்.

உறையை உரித்துவிட்டால் எல்லாத் தகடும் ஒன்றுபோலத்தான் இருக்கும். முதல் தகட்டை எடுத்ததும் காலி உறையை நான் குப்பைக்குப் போடப் போனேன்.

"அண்ணே! லேபிளப் பிரிக்காதீக. மாதிரி எங்கயோ லேபிளும் அங்கதான் இருக்கணும்."

பாசி மாதிரிகளுக்கு அவள் வைத்திருக்கும் விதி அது. அதட்டியே சொன்னாள். ஒவ்வொரு தகட்டுக்கும் அருகில் அதன் அறுத்த உறையை லேபிளோடு வைத்தாள். மேஜையைப் பார்த்தால் கம்ப்யூட்டர் கடை என்று சொல்ல முடியாதபடி ஆகிவிட்டது. டைப்பிங் வேலை கேட்டு வந்த ஒருவர் வாசலில் நின்று எங்களைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்.

4. ஐந்தாம் அத்தியாயம்

காய்ந்த தகடுகளை ஒவ்வொன்றாகப் புது உறைக்குள் செருகிப் பாயின் கடைக்குக் கொண்டுபோனோம். முதல் நான்கு அத்தியாயங்களும் வந்தன. ஃபைல்களைக் காப்பி செய்து, ஒவ்வொன்றின் பைட் அளவையும் லேபிளில் அடித்திருந்ததோடு சரிபார்த்தோம். ஒத்துப்போயிற்று.

ஐந்தாவது வரவில்லை. டிரைவில் சுற்றியபோது சந்தனத்தோடு சேர்த்து ஹெட் பூச்சையும் சுரண்டியிருந்தது. அதில் கழுவுவதற்கு எதுவும் மிச்சமில்லை. அதன் பேக்கப் மட்டும்தான் பாக்கி.

அந்தத் தகட்டில் குங்குமச் சாயம் கொஞ்சம் ஊறியிருந்தது. ஜெசிந்தா அதை மூன்று முறை தண்ணீர் மாற்றிக் கழுவினாள். அப்போதும் ரோஜா நிறத்தில் ஒரு நிழல் நின்றது. இதற்கு மேல் தேய்த்தால் பூச்சு போகும் என்று நிறுத்திவிட்டாள். துணியோடு மேஜையில் காயவைத்தாள். முதலாளி தெருவில் போய் நின்றுகொண்டார். எத்தனை முறை கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

பாய் வரிசையில் நின்றவர்களை ஒதுங்கச் சொல்லி, தாழைத் தானே திருப்பினார். உறுமல் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. ஃபைல் பெயர் திரையில் வந்தது. காப்பி செய்யச் சொன்னேன். டிரைவு ஓர் இடத்தில் திக்கித் திக்கி நான்கைந்து முறை முயன்றது. ஜெசிந்தா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள், பிடித்தது அவளுக்கே தெரியாது. பிறகு உறுமல் சீரானது. ஒரு ஃபைல் காப்பியாயிற்று என்று வந்தது.

அவள் அறுத்த உறையிலிருந்த லேபிளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, எண்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் படித்தாள். கடைசி இலக்கம் வரை சரி. அப்போதுதான் அழுதாள். ஃபாரத்துக்கு நின்றவர்கள், இவளுக்கு விசா கிடைத்துவிட்டது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார்கள். நாங்கள் திருத்தவில்லை.

பிரிண்ட் எடுத்து, பைண்டிங் செய்து, வெள்ளிக்கிழமை பஸ் ஏற்றி அனுப்பினோம். சனிக்கிழமை மதியம் மதுரையிலிருந்து பாயின் பூத்துக்குப் போன் வந்தது. "குடுத்துட்டேண்ணே" என்றாள், அவ்வளவுதான். முதலாளியிடம் ரிசீவரைக் கொடுத்தேன். அவர் அதைக் காதில் வைத்து, "நல்லாருத்தா, நல்லாருத்தா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் எப்போதோ வைத்துவிட்டிருந்தாள்.

இதில் கற்ற பாடம் என்ன என்று இப்போது என்னிடம் வேலை பழகுகிறவர்கள் கேட்பார்கள். ஃப்ளாப்பி போய்விட்டது, ஷேர்வேர் போய்விட்டது, அந்தப் பாடம் எதற்கு என்பார்கள். அடுத்த திங்கட்கிழமையே எங்கள் பேக்கப் டப்பாவை ஹமீது பாய் கடையில் வைத்தோம், அவருடையதை எங்கள் கடைக்குக் கொண்டுவந்தோம். இரண்டு கடையும் மூடும்வரை அப்படியேதான் இருந்தது. நான் சொல்லிக்கொடுப்பதும் அதுதான். ஒரு காப்பி உங்களிடம் இருக்கட்டும். இன்னொன்றை, உங்கள் பண்டிகை அன்றைக்கும் கடை திறந்திருக்கும் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.